சமவெளிக்காரர் மலையேறும்போது: கேமராவைத் தேர்ந்தெடுப்பதும் தூக்கிக்கொண்டு நடப்பதும்

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. பெயரிலேயே மலையை வைத்திருக்கும் சுவாமிமலைகூடக் கட்டுமலைதான். அறுபது படி ஏறினால் சன்னதி வந்துவிடும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கேமரா பழகியவருக்கு மலையில் படமெடுப்பது இரண்டு விதத்தில் புதிது. ஒன்று பார்வை. இங்கே வயலும் வானமும் ஒரே கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பழகிய கண் மலையைச் சட்டத்துக்குள் அடக்கத் திணறும். இன்னொன்று சுமை. இங்கே பைக்கில் போய் வாய்க்கால் கரையில் இறங்கினால் படம் தயார். பை எத்தனை கிலோ என்று யாரும் கேட்டதில்லை. மலையில் முதல் அரை மணி நேரத்திலேயே தோள் அதைக் கேட்டுவிடும்.

நாலு மணி நேரம் நடந்த பிறகும் பையிலிருந்து வெளியே எடுக்கத் தோன்றுகிற கேமராதான் மலைக்கு ஏற்ற கேமரா. என் கட்சி இதுதான். மெகாபிக்சல், பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

எந்த மலை, எந்த மாதம்

எதையும் வாங்குவதற்கு முன்னால் இடத்தை முடிவு செய்யுங்கள். டெல்டாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பவை துறையூர்ப் பக்கத்துப் பச்சைமலையும் அதற்கு மேற்கே கொல்லிமலையும். இரண்டிலும் குளிர் பெரிதாக இருக்காது. பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வண்டியே மேலே போய்விடும் என்பதால் பலர் வீட்டிலிருக்கும் அத்தனை லென்ஸையும் அள்ளிப்போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். ஆனால் ஆகாய கங்கை அருவியைப் பார்க்க அரப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் வீரர்கள்தான். அருவியில் நனைந்து, பசியோடு திரும்பி ஏறும்போதுதான் மூன்றாவது லென்ஸின் எடை தெரியும்.

ஊட்டியும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேலே இருப்பவை. தை மாத விடியலில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படிந்திருக்கும். இந்த இரண்டு ஊருக்கும் வண்டியில் போவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த முறை இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. அதனால் எவர்சில்வர் பாட்டிலின் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நடக்க ஆசையென்றால் வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். தெரிந்தவர் ஒருவர் குறுக்குவழியில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சம்பா அறுவடை முடிந்து, கையில் கொஞ்சம் காசும் நேரமும் சேர்வது மாசி, பங்குனியில்தான். மலைக்கு வண்டி பேசுவதும் அப்போதுதான். ஆனால் அந்த மாதங்களில் காற்றில் தூசியும் புகையும் கலந்து தூரத்து மலை மங்கிக் கிடக்கும். காட்டுத்தீ காலம் என்பதால் நடைபாதைகள் பலவற்றை மூடியும் வைப்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழிக் கடைசியும் தையும்தான் காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும் நாட்கள். மாசியை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் மங்கலையே படமாக்கலாம். சூரியன் எதிரில் இருக்கும்படி நின்று, தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் பார்த்தால் மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வர வர வெளுத்துக்கொண்டே போகும். அந்த அடுக்கு மார்கழியின் தெளிந்த காற்றில் கிடைக்காது.

பாடி: கிராமில் யோசியுங்கள்

கடையில் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் எடைப்பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியின் இணையதளத்திலும் பாடிக்கும் (லென்ஸ் மாட்டாத கேமரா) லென்ஸுக்கும் கிராம் கணக்கு இருக்கும்.

ஓர் உதாரணம். நிக்கான் இசட் 50 பாடி பேட்டரியோடு சுமார் 450 கிராம். அதோடு வரும் 16-50 மி.மீ. லென்ஸ் 135 கிராம், 50-250 லென்ஸ் 405 கிராம். மூன்றும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். அதே கம்பெனியின், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் இசட் 6 II பாடியோடு, அதிக வெளிச்சம் வாங்கும் எஃப் 2.8 லென்ஸ்கள் மூன்றை, அதாவது 14-24, 24-70, 70-200 ஆகியவற்றைச் சேர்த்தால் மூன்றரைக் கிலோ தாண்டும். இரண்டரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம். அந்த எடைக்கு ஒரு நாள் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகலாம்.

ஃபுல் ஃப்ரேமில் இருட்டில் எடுக்கும் படம் சுத்தமாக வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மலைப்படங்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-ல் எடுக்கப்படுபவை. அந்த நிலையில் சின்ன சென்சாரான கிராப் சென்சாருக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் படத்தைச் சுவரளவுக்குப் பிரிண்ட் போட வேண்டும்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் அடிக்கடி கைமாறும் கேனான் 1500டி போன்ற பழைய டிஎஸ்எல்ஆர் இருந்தாலும் போதும். அதன் பாடி 475 கிராம். 18-55, 55-250 இரண்டையும் சேர்த்தால் ஒரு கிலோவும் கொஞ்சமும். உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை மிரர்லெஸ் கேமரா இல்லாமல் மலைக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சிரித்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆரில் பேட்டரி அதிக நேரம் நிற்கும். குளிரில் அது பெரிய உதவி.

கல்யாண வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மண்டபத்துக்குக் கொண்டுபோகிற ஃப்ளாஷ், டிரிக்கர், பேட்டரி கிரிப், எல்இடி லைட் எதையும் மலைக்கு எடுக்காதீர்கள். எல்லாம் கையோடு இருந்தால்தான் தைரியம் என்ற பழக்கம் உங்களுக்கு இருக்கும், எனக்கும் புரிகிறது. ஆனால் அங்கே மாலை மாற்றும் நேரம் எதுவும் தவறிப்போகப் போவதில்லை.

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சாவூர் பெரிய கோயிலைப் படமெடுக்க வந்தபோது கேமராவையும் காகித நெகட்டிவ்களையும் மருந்துகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு சுற்றினார். விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, நீளமான ஒரே படமாக்கினார். இன்றைக்கு அந்த வண்டிச்சுமையெல்லாம் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. நாமாகத் தேடிப்போய் அதைத் திரும்பச் சுமையாக்கிக்கொள்ளக் கூடாது.

லென்ஸ்: மலை ஏன் மேடாகிவிடுகிறது

முதல் முறை மலைக்குப் போய் வந்தவர்களின் புலம்பல் ஒரே மாதிரி இருக்கும்: “நேரில் பார்த்தபோது எவ்வளவு பெரிசா இருந்துச்சு, படத்துல ஆற்றங்கரை மேடு மாதிரி வந்திருக்கே.” காரணம் காட்சியை அகலமாக அடக்கும் வைட் லென்ஸ். எதிரே பிரம்மாண்டமாக ஒன்று நின்றால் முழுவதையும் அடக்க வேண்டும் என்று கை தானாக ஜூமைப் பின்னுக்கு இழுக்கும். வைட் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கும். மலையோ எப்போதும் தூரத்தில் இருப்பது. காலடியில் கிடக்கும் கல் யானை அளவுக்கு வரும், பின்னால் நிற்கும் சிகரம் கல் அளவுக்கு வரும்.

அதனால் பணம் போடுவதென்றால் டெலியில் போடுங்கள். கிராப் கேமராவில் 55-250 அல்லது 50-250, ஃபுல் ஃப்ரேமில் 70-200 எஃப் 4. எஃப் 2.8 வேண்டாம். கேனானின் ஆர்எஃப் வரிசையில் 70-200 எஃப் 4 சுமார் 700 கிராம், எஃப் 2.8 ஒரு கிலோவுக்கு மேல். மலைக்காட்சியை எஃப் 2.8-ல் எடுக்கும் தேவை அநேகமாக வராது. டெலி இருந்தால் எதிர்ச்சரிவில் தேயிலைக்கு நடுவே நிற்கும் ஒற்றை வீடு, பாறை விளிம்பில் நிற்கும் வரையாடு, மேகத்துக்கு மேலே தலைநீட்டும் ஒரே ஒரு முகடு என்று மலையைத் துண்டு துண்டாகப் பார்க்கப் பழகுவீர்கள். கொடைக்கானலில் காட்டுமாடு தெருவுக்கே வரும். அதைத் தூரத்திலிருந்து எடுக்கவும் டெலிதான் வேண்டும். கிட்டே போய் எடுக்கிற மிருகம் அது இல்லை.

வைட் லென்ஸுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. முன்னால் ஏதாவது இருக்கும்போது, அதாவது ஓடை, பூத்த புதர், பாசி பிடித்த பாறை என்று ஒன்று இருக்கும்போது, அதற்கு ஒரு முழம் தூரத்தில் குனிந்து எடுத்தால் பின்னால் மலை சின்னதாக இருந்தாலும் படம் நிற்கும். அதற்குக் கிட் லென்ஸின் 16 அல்லது 18 போதும். அதற்கென்று தனியாக 10-20 வாங்குவதை முதல் வருடம் முடியும் வரை தள்ளிப்போடுங்கள்.

ஒரே லென்ஸோடு போகலாமா என்று கேட்டால், தாராளமாக. கொடைக்கானல் தூண் பாறையில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். எதிரே வெள்ளைத் துணி கட்டியதுபோல மஞ்சு மூடியிருக்கும். கம்பியோரம் ஐம்பது பேர் காத்துக்கொண்டு நிற்பார்கள். திடீரென்று நடுவில் ஒரு கிழிசல் விழும், பாறையின் தோள் தெரியும், கூட்டம் ஓவென்று கத்தும். கத்தி முடிப்பதற்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, லென்ஸ் மாற்றிக்கொண்டிருப்பவருக்குப் படம் கிடைக்காது. சென்சாரில் ஈரம்தான் சேரும். 18-135, 18-150, ஃபுல் ஃப்ரேமில் 24-200 மாதிரியான ஒற்றை ஜூம் மாட்டியிருப்பவர் அதற்குள் இரண்டு படம் எடுத்திருப்பார். ஓரங்களில் கொஞ்சம் கூர்மை குறையும் என்பது உண்மைதான். மஞ்சுக்குள் யார் ஓரத்தைப் பார்க்கப் போகிறார்கள்?

ஃபில்டரில் ஒன்றே ஒன்று: போலரைசர். ஈர இலையின் பளபளப்பை வெட்டி உள்ளே இருக்கும் பச்சையை வெளியே கொண்டுவரும் வேலையைக் கணினியில் செய்ய முடியாது. நம் ஊர் நடவு வயலிலேயே மாட்டி, திருகிப் பாருங்கள். தண்ணீர்மேல் இருக்கும் வானத்தின் பிம்பம் மறைந்து நாற்றின் தூர் தெரியும். சூரியன் உங்கள் தோள்பக்கம் இருக்கும்போது வானத்தில் அதன் வேலை அதிகம். வெளிச்சத்தையும் ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு, அதாவது பாதிக்கும் மேல் குடித்துவிடும் என்பதால் மஞ்சு சூழ்ந்ததும் கழற்றிவிடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் கடையிலேயே செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) முழுக்கத் திறந்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து மெல்லிய நூலாகக் கிளைத்து உள்ளே படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நான்கைந்து தூசிப்புள்ளியால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. பூஞ்சையோ கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். டெல்டாவில் புழங்கிய லென்ஸ்களில் இது சகஜம். “சின்னதுதாண்ணே, துடைச்சா போயிடும்” என்று கடைக்காரர் சொன்னால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முக்காலியும் சில்லறைச் சாமான்களும்

விடியலுக்கு முன்னாலோ அருவியிலோ நட்சத்திரங்களையோ எடுப்பதாக இருந்தால் மட்டும் முக்காலி. இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும். எடுத்துப்போவதானால் ஒன்றேகால் கிலோவைச் சுற்றி எடையுள்ள கார்பன் முக்காலி நல்லது. அலுமினியமும் பரவாயில்லை. நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதன் கொக்கியில் தரையைத் தொடும்படி தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாது. கல்யாண வீடியோ ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

கூடுதல் பேட்டரி இரண்டு, கார்டு இரண்டு, காற்றூதும் ரப்பர் பல்பு ஒன்று, மைக்ரோஃபைபர் துணி மூன்று. துணி மட்டும் ஏன் மூன்று என்றால் மஞ்சில் முதல் துணி பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். கேமராவுக்கு விலை உயர்ந்த மழைக்கோட்டு வேண்டியதில்லை. ஹோட்டலில் தலைக்குக் கொடுக்கும் குளியல் தொப்பி பாடியை மூடச் சரியான அளவு. டிரோனை மறந்துவிடுங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வழக்குதான்.

பை: தோளுக்கு அல்ல, இடுப்புக்கு

புதிதாகக் கிளம்புகிறவர்கள் லென்ஸுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பைக்குக் கஞ்சத்தனம் பிடிக்கிறார்கள். கேமரா வாங்கும்போது இலவசமாகக் கொடுக்கும் ஒற்றைத்தோள் பை மலைக்கு ஆகாது. அது நடையின்போது முன்னும் பின்னும் ஆடும். படியில் குனிந்தால் சட்டென்று முன்னால் வந்து காலைத் தட்டும்.

நல்ல பையின் அடையாளம் அதன் இடுப்புப் பட்டை. ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு வைத்து, இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்து, சுமையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். தோள்வார் பையை முதுகோடு சேர்த்துப் பிடிப்பதற்குத்தான். மெல்லிய நாடாவை மட்டும் தைத்துவிட்டு இடுப்புப் பட்டை என்று சொல்லும் பைகளை வாங்காதீர்கள். பையின் அளவு உங்கள் உயரத்தைப் பொறுத்தது இல்லை, முதுகின் நீளத்தைப் பொறுத்தது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம் வரை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கடையில் ஐந்தாறு கிலோ எடையைப் போட்டு மாட்டிப் பார்க்க விடுவார்கள். விடாத கடையில் வாங்காதீர்கள்.

கேமரா பை என்றே தனியாக விற்பவை உள்ளே முழுக்கப் பஞ்சுத் தடுப்புகளோடு வரும். பாதுகாப்புதான். ஆனால் சாப்பாட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் இடம் இருக்காது, காலிப் பையே இரண்டு கிலோ இருக்கும். 30, 35 லிட்டர் சாதாரண டிரெக்கிங் பையை வாங்கி, அதற்குள் பஞ்சுவைத்த சின்னப் பெட்டி ஒன்றைச் சொருகி, கேமராவை அதில் வைப்பதுதான் என் சிபாரிசு. மலை முடிந்து வந்தால் பெட்டியை எடுத்துவிட்டு அதே பையைத் திருப்பதிக்கும் கொண்டுபோகலாம்.

அடுக்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அடியில் மாற்றுத்துணி. அதற்கு மேல், முதுகை ஒட்டி, கேமராப் பெட்டியும் தண்ணீரும். கனமானது எவ்வளவு முதுகோடு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு கனம் தெரியாது. மேலே மழைக்கோட்டும் பொரிகடலையும். முக்காலியைப் பக்கவாட்டில் கட்டினால் மறுபக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துச் சமன் செய்ய வேண்டும்; இல்லையென்றால் ஒரு தோள் மட்டும் வலிக்கும். பைக்கு மழை உறை போட்டாலும், உள்ளே கனமான பாலித்தீன் பையில் எல்லாவற்றையும் சுற்றி வையுங்கள். முதுகுப் பக்கமாக இறங்கும் தண்ணீரை உறை தடுக்காது.

நடக்கும்போது கேமரா மட்டும் பைக்குள் இருக்கக் கூடாது. தோள்வாரில் மாட்டும் உலோக கிளிப் கிடைக்கிறது. கேமரா மார்புப் பக்கம் ஆடாமல் நிற்கும், ஒரு கையால் கழற்றலாம். அது இல்லையென்றால் நெஞ்சுக்குக் குறுக்காக வாரைப் போட்டு, இடுப்புப் பட்டைக்குள் கேமராவின் அடியைச் சொருகிக்கொள்ளலாம். கழுத்தில் மட்டும் தொங்கவிடாதீர்கள். பாறையில் கைவைத்து ஏறும்போது முதலில் மோதுவது லென்ஸ்தான்.

மொத்த எடை எவ்வளவு இருக்கலாம்? ஒருநாள் நடைக்கு உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. அறுபத்தைந்து கிலோ ஆளுக்கு ஆறரைக் கிலோ. தண்ணீர் இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ போச்சு. பை ஒன்றேகால், சாப்பாடும் மழைக்கோட்டும் முக்கால். மிச்சம் இரண்டரைக் கிலோ; அதற்குள் கேமராவும் முக்காலியும் அடங்க வேண்டும். மேலே சொன்ன ஒரு கிலோ கேமரா செட்டுக்கு இது சரியாக வரும். மூன்றரைக் கிலோ செட்டுக்குத் தண்ணீரைத்தான் குறைக்க வேண்டியிருக்கும், அதைச் செய்யவே கூடாது.

மலை இல்லாத ஊரில் ஒத்திகை

பையைக் கட்டி முடித்ததும் மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். அண்ணாச்சி சிரிப்பார், பரவாயில்லை. எண்ணை எழுதிக்கொண்டு, அதே பையோடு விடியற்காலையில் கொள்ளிடக் கரையில் ஒரு மணி நேரம் நடங்கள். சரளையும் மணலும் மாறி மாறி வரும் கரை நல்லது. ஷூவும் புதிது என்றால் அதையும் இங்கேயே பழக்கிவிடுங்கள். மலையில் கொப்புளம் வந்தால் படமாவது ஒன்றாவது.

படிக்கு, திருச்சி மலைக்கோட்டை இருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட படிகள், உச்சிப் பிள்ளையார் வரை. செருப்பைக் கீழேயே விட வேண்டும் என்பதால் ஷூவைச் சோதிக்க முடியாது. ஆனால் மூச்சையும் முழங்காலையும் தோள்வாரையும் சோதிக்கலாம். கோயிலுக்குள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், சுமையாக மட்டும் இருக்கட்டும். ஒரு தடவை ஏறி இறங்கி, மோர் குடித்துவிட்டு, இரண்டாவது தடவையும் ஏறத் தெம்பு இருந்தால் ஆகாய கங்கைக்குக் கிளம்பலாம். இரண்டாவது ஏற்றத்தில் ‘இது எதற்கு’ என்று மனம் எந்தச் சாமானைத் திட்டுகிறதோ அதை வீட்டில் வைத்துவிடுங்கள்.

ஷூ போட்டுப் பாறையில் ஏறிப் பழக, புதுக்கோட்டை சாலையில் நார்த்தாமலை. விஜயாலய சோழீச்சரத்துக்குப் போகும் சாய்ந்த பாறையில் ஏறி, கேமராவைக் கிளிப்பிலிருந்து எடுத்து, படம் எடுத்து, திரும்ப மாட்டும் வேலையைப் பார்க்காமலே செய்யும் வரை பழகுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் அங்கே முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும்.

வழியிலும் மேலேயும்

நீலகிரிக்கும் வால்பாறைக்கும் போகிறவர்களுக்கு மன்னார்குடியிலிருந்து கோவைக்குப் போகும் செம்மொழி எக்ஸ்பிரஸ் சவுகரியம். ராத்திரி ஏறினால் காலையில் கோவை. மேல் படுக்கையை வாங்கி, கேமராப் பெட்டியை மட்டும் பையிலிருந்து எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வடக்கே போவதானால் கூடுதல் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்கில் போடக் கூடாது. லடாக்கின் லே போன்ற 3,500 மீட்டர் உயரத்து ஊர்களில் இறங்கியவுடன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு, காற்று குறைந்த இடத்துக்குப் பழக நேரம் எடுக்கும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததுபோலக் காட்டும். உதிரி பேட்டரியைச் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். தீர்ந்ததென்று எடுத்த பேட்டரியையும் அதே சட்டைப்பையில் போட்டால் சூடேறி, இன்னும் சில படங்களுக்கு உயிர் கொடுக்கும்.

மஞ்சை எடுக்கும்போது கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முக்கால் அல்லது ஒன்று கூட்டுங்கள். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் மரத்தின் விளிம்பு மாதிரி அழுத்தமான கோட்டைத் தேடிப் பிடியுங்கள். டெலி லென்ஸை 250-ல் வைத்துக் கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/400 நொடிக்குக் கீழே போக வேண்டாம். வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் பையைப் புல்லில் வைக்காதீர்கள், அட்டை ஏறும். குரங்கு இருக்கும் இடத்தில் பாலித்தீன் பை சத்தம் கேட்டாலே சாப்பாடு என்று நினைத்து இழுக்கும், கேமராவையும் சேர்த்து.

வீடு திரும்பிய பிறகு

டெல்டாக்காரர்களுக்கு இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. மலையின் குளிர் கேமராவைக் கெடுப்பதில்லை. நம் ஊர்ப் புழுக்கம்தான் கெடுக்கும். ஏசி பெட்டியில் ராத்திரி முழுக்கச் சில்லென்று இருந்த லென்ஸை மயிலாடுதுறை பிளாட்பாரத்தில் வெளியே எடுத்தால், குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்பக்கம்போல முத்து முத்தாக வியர்க்கும். வெளியே துடைத்துவிடலாம், உள்ளே போனதைத் துடைக்க முடியாது. அதனால் வண்டி ஏறுவதற்கு முன்பே கேமராவை ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும். படம் பார்க்க அவசரம் என்றால் கார்டை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பையை உதறிக் காயவையுங்கள். இடுப்புப் பட்டையிலும் தோள்வாரிலும் வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் பஞ்சு நாறாது. ஆனால் கேமராவைத் திரும்ப அதே பையில் போட்டு பீரோ மேல் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் பஞ்சுக்கும் தோலுறைக்கும் நடுவில்தான் பூஞ்சை வளரும். ஐப்பசி, கார்த்திகையில் தீப்பெட்டியே நமுத்துப்போகும் ஊர் இது.

அரிசி டப்பாவுக்குள் கேமராவைப் புதைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அரிசி உறிஞ்சும் ஈரம் கொஞ்சம்தான். தவிட்டுத்தூள் ஜூம் வளையத்துக்குள் போவது நிச்சயம். ரப்பர் விளிம்பும் பூட்டும் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்குங்கள். உள்ளே ஈரமானி ஒன்றும், கால் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டியும் போடுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். ஆரஞ்சு நிற ஜெல்லாகக் கேட்டு வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கும், அது நஞ்சு. எந்த நிறமாக இருந்தாலும் வறுப்பதற்கென்று பழைய சட்டி ஒன்றைத் தனியாக ஒதுக்கி, மறுபடி அது சமையலுக்குப் போகாதபடி வீட்டில் சொல்லிவையுங்கள்.